ஒரு கம்பி, ரெண்டு கம்பி, ஒரு முத்திரை

அமெரிக்காவுல ஒரு கான்ட்ராக்டர் கிட்ட வேலை பாக்கற நண்பன் போன வாரம் புலம்பினான். ஆர்க்கிடெக்ட் கிட்ட கேட் ஃபைல் கேட்டா, முதல்ல ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து போடச் சொல்றாங்களாம். ஃபைல்ல தப்பிருந்தா அவங்க பொறுப்பில்லை, முத்திரை வெச்ச பிரிண்ட்தான் செல்லும்னு. "வரைஞ்சவனே பொறுப்பில்லைன்னா எப்படிடா?"ன்னான்.

பொட்டி தட்டற எனக்கு இதுல என்ன தெரியும்? ஆனா இந்தச் சண்டை கேட்டை விடப் பழசு. ஆட்டோகேட் வந்தது 1982-ல. கான்சாஸ் சிட்டி ஹையாத் ரீஜென்சி ஓட்டல்ல தொங்கு நடைபாதைகள் விழுந்தது 1981 ஜூலை 17. கீழே நடனம் பாத்துட்டிருந்த கூட்டத்து மேலயே விழுந்துச்சு. 114 பேர் செத்துப்போனாங்க.

ரெண்டாம் மாடிப் பாதையும் நாலாம் மாடிப் பாதையும் ஒரே நீளக் கம்பியில தொங்கணும்ங்கறதுதான் முதல் வரைபடம். அவ்வளவு நீளத்துக்கு மரை போட்டு, அது கெடாம தூக்கி மாட்டறது கஷ்டம். அதனால இரும்பு வேலை செஞ்ச கம்பெனி கம்பியை ரெண்டாக்கிடுச்சு. மேல் பாதை கூரையில தொங்கும், கீழ்ப் பாதை மேல் பாதையில தொங்கும். கயித்துல தொங்கறவன் காலைப் பிடிச்சு இன்னொருத்தன் தொங்கின கதைதான். மேல் பாதையோட இணைப்புல சுமை ரெண்டு மடங்கு! (பழைய டிசைனே சட்டம் கேட்ட பலத்துல 60 சதம்தான் தாங்கியிருக்கும்னு பின்னாடி விசாரணையில தெரிஞ்சது. அது தனி கொடுமை.)

1979 பிப்ரவரியில 42 பட்டறை வரைபடங்கள் இன்ஜினியர் ஆபீசுக்குப் போச்சு. பத்தே நாள்ல 'பார்த்தாச்சு' முத்திரையோட திரும்பி வந்துச்சு. அந்த இணைப்புக்கு யாருமே கணக்கு போடலை. பட்டறைக்காரங்க பாத்துப்பாங்கன்னு இன்ஜினியர் நினைச்சார். வரைபடத்துல இருக்கறதே முடிவுன்னு பட்டறைக்காரங்க நினைச்சாங்க. மாத்தறதைப் போன்ல சொன்னோம்னு இவங்க, அப்படி ஒரு போனே வரலைன்னு அவங்க. கடைசியில 1985-ல மிசௌரி விசாரணை ஆணையம் முத்திரை குத்தினவங்க பக்கம்தான் கையைக் காட்டுச்சு. இன்ஜினியர்களோட லைசென்ஸ் போச்சு. எனக்கு அது சரின்னுதான் படுது. கோடு ரிவ்யூல படிக்காமலே 'ஓகே' போட்ட நாட்கள் ஞாபகம் வந்து வயித்தைக் கலக்குச்சு.

காகிதத்துலயாவது முத்திரை இருந்துச்சு. ஃபைல்ல ஒரு கோட்டை நகர்த்தினா, நகர்த்தினது யாருன்னு அந்தக் கோடு சொல்லாது. 2007-ல அமெரிக்க ஆர்க்கிடெக்ட் சங்கம் ஃபைல் கைமாத்தறதுக்குன்னே தனி ஒப்பந்தப் படிவம் போட்டுச்சு.

நண்பன் கையெழுத்து போட்டுட்டானாம். "ஃபைல் வந்ததும் பிரிண்டோட ஒப்பிட்டுப் பாத்துடு"ன்னேன்.

"முந்நூறு ஷீட்டுடா"ன்னான்.