லயத்தடியில் விளைந்த வியாபாரம்

இலங்கை மலைநாட்டின் உடப்புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்துக்கு அடுத்தபடியாகப் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது மரக்கறி. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் தேயிலை ஏறாத துண்டு நிலங்களில், வீட்டுக் கறிக்காகக் கீரையும் போஞ்சியும் போட்டுக்கொள்ளத் தோட்டத்துரைமார் விட்டுவைத்தனர். பெருந்தன்மை என்று அதைச் சொல்வதற்கில்லை. கூலியை உயர்த்தாமலே வயிற்றை ஓரளவு நிரப்பும் வழி அது. மிஞ்சியதைப் பக்கத்து லயத்தில் விற்றுக் கைச்செலவுக்குக் காசு பார்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலையில் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு, மாலையில் கொழுந்து நிறுவை, அதற்குப் பிறகே மண்வெட்டி.

தொலைதூரச் சந்தை நெடுங்காலம் எட்டவில்லை. நானுஓயாவிலிருந்து 1903இல் நுவரெலியாவுக்கும், 1904இல் கந்தப்பளை வழியாக இராகலைக்கும் இரண்டரை அடி அகல ரயில் பாதை திறக்கப்பட்டது. உடப்புசல்லாவையின் பெயரைத் தாங்கிய பாதை, ஊரை எட்டாமல் இராகலையோடு நின்றது. தேயிலைக்காகப் போடப்பட்ட அது 1948இல் மூடப்பட்டது. மரக்கறியைக் கொழும்புவரை கொண்டுபோனது லொறி.

வீட்டுத் தோட்டத்தைத் தொழிலாக மாற்றியதில் அரசின் இறக்குமதிக் கொள்கைக்குப் பெரிய பங்கு உண்டு. 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடுக்கப்பட்டதும் மலைநாட்டுக் கிழங்குக்கு நல்ல விலை கிடைத்தது. 1973, 1974 ஆண்டுகளில் தோட்டங்களைப் பஞ்சம் வாட்டியபோது, கையளவு நிலமும் உயிர் காக்கும் என்பது தெளிவாயிற்று. கறிக்கு நட்ட இடத்தில் லீக்ஸ், கரட், கோவா, பீட்ரூட் எனச் சந்தைப் பயிர்கள் ஏறின. விதையும் பசளையும் கடைக்கு வந்தன, கடனுக்கும் வந்தன. ஓடையிலிருந்து குழாய் இழுத்து நீர் பாய்ச்சினர். கணவன் முழுநேரமாக மரக்கறியில் இறங்க, மனைவி தோட்டப் பெயர்ப்பதிவை விடாமல் கொழுந்து பறித்தாள். வேலைப்பதிவு போனால் லயக் காம்பராவுக்கும் ஆபத்து.

விற்பனைதான் இதில் கடினமான பகுதி. 1999இல் தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் திறந்தது. நுவரெலியாவுக்கும் கெப்பெட்டிப்பொலவுக்கும் பின்னர் அத்தகைய நிலையங்கள் வந்தன. ஆனாலும் அரை மூட்டை கரட்டுக்காகத் தனி லொறி பிடிக்க முடியாது. தரகர் வாசலில் சொன்ன விலையே விலை. நாலு வீட்டு விளைச்சலைச் சேர்த்து ஒரே லொறியில் ஏற்றுவது இங்கே ஒழுங்கான வியாபாரத்தின் முதல் படி.

அடுத்த படிக்குக் காகிதம் வேண்டும். வங்கிக் கடனுக்குக் காணி உறுதி, மானியப் பசளைக்குக் கமநல சேவை நிலையப் பதிவு. நிலமோ அரசுடையது, 1992க்குப் பின் நிர்வாகம் கம்பனியிடம். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குச் சேவை செய்யவும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த தடை 2018இல்தான் நீங்கியது. இவர்களின் உழைப்பிலும் திறமையிலும் குறை தேடுவோர் இந்தத் தடைகளை மறந்துவிடுகிறார்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி சில மாதங்கள் தடைப்பட்டபோது, சேமிப்போ காப்புறுதியோ இல்லாத இந்தச் சிறு பயிர்ச்செய்கையாளர்கள் தாங்கமாட்டாமல் தவித்தனர்.

அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்கள் பலவற்றில் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி உறுதியுடன் தரப்பட்டது, ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடு எழும்பிய பின் முற்றமே மிஞ்சும். லொறிக்கு ஏறும் கரட் விளையும் துண்டு நிலம் பெரும்பாலும் அந்த உறுதிக்கு வெளியிலேயே கிடக்கிறது.