முதலில் வீடு: வீடற்ற மாற்றுத்திறனாளிகளின் மீட்சியில் உறைவிடத்தின் இடம்

தெருவில் வாழும் மனநலப் பாதிப்புடையோருக்கு வீடு எப்போது தரப்பட வேண்டும் என்ற கேள்விக்கு வட அமெரிக்க நலத்துறைகள் நெடுங்காலம் ஒரே விடையையே வைத்திருந்தன. முதலில் சிகிச்சை, அடுத்துக் குடியை விடுதல், பின்பு தற்காலிக விடுதி. இவற்றில் தேறியவருக்கே நிலையான வீடு. வீட்டை நலம் பெற்றதற்கான பரிசாகக் கருதும் இந்தப் படிக்கட்டு முறையில், மிக நலிந்தவர்களே முதற்படியில் இடறி மீண்டும் தெருவுக்கு வந்தார்கள். நலம் பெறும் முயற்சி தொடங்குவதற்கே வீடு முன்தேவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1992இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிய ‘பாத்வேஸ் டு ஹவுசிங்’ அமைப்பு இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றியது. வருமானத்தில் 30 விழுக்காட்டை வாடகையாகத் தருவதும் பணியாளரின் வருகையை ஏற்பதுமே நிபந்தனைகள். சிகிச்சை அவரவர் விருப்பம். இவ்வமைப்பை வழக்கமான முறையோடு ஒப்பிட்டு 225 பேரிடம் நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. வீடு பெற்றவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் அதைத் தக்கவைத்துக்கொண்டிருந்தனர். கனடா அரசு 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், ஏறத்தாழ 2,000 பேரைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து இதையே பெரிய அளவில் சோதித்தது. ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில் முழுக்காலமும் வீட்டில் இருந்தவர்கள், ‘முதலில் வீடு’ குழுவில் 62 விழுக்காடு. வழக்கமான சேவை பெற்ற குழுவில் 31 விழுக்காடு மட்டுமே.

நிபந்தனையின்றி வீடு கொடுத்தால் குடியும் போதையும் பெருகும் என்பது முதல் மறுப்பு. நியூயார்க் ஆய்வில் இரு குழுக்களுக்கிடையே போதைப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்த அச்சத்துக்குச் சான்று இல்லை. ஆனால் அதே முடிவிலிருந்து இன்னொரு மறுப்பும் எழுகிறது: போதைப் பழக்கமே குறையவில்லை என்றால் வீட்டால் என்ன பயன்? வீட்டை மருந்தின் அளவுகோலால் அளப்பதில்தான் பிழை இருக்கிறது. மாத்திரைகளைப் பத்திரமாக வைக்க ஓர் அலமாரி, சக்கர நாற்காலியை இரவில் களவு போகாமல் நிறுத்த ஓர் இடம், ஓய்வூதியம் வந்து சேர ஒரு முகவரி ஆகியவை இல்லாமல் எந்தச் சிகிச்சையும் நீடிக்காது. கனடாவில் நோய்க்குறிகள் இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தன. வாழ்க்கைத் தரமோ வீடு பெற்றவர்களிடையே கூடுதலாக உயர்ந்தது.

செலவு பற்றிய மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். கனடாவில் அதுவரை மிக அதிகமாகச் சேவைச் செலவு பிடித்த 10 விழுக்காட்டினரைப் பொறுத்தவரை, திட்டத்துக்கு இட்ட ஒவ்வொரு 10 டாலருக்கும் 21.72 டாலர் பிற சேவைகளில் மிச்சமானது. மிதமான தேவையுடையோரிடமோ 3.42 டாலரே மிச்சம். ஆகவே வீடு தருவது எப்போதும் சிக்கனம் என்று வாதிடுவது பொருந்தாது. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் செலவிடும்போது லாபக் கணக்குக் கேட்காத அரசு, கூரைக்கு மட்டும் அதைக் கேட்பதற்கு நியாயம் இல்லை.

செல்வ நாடுகளுக்கே இது இயலும் என்பது கடைசி மறுப்பு. சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட ‘தி பேன்யன்’ அமைப்பின் ‘ஹோம் அகெய்ன்’ திட்டம் இதற்கு விடை. மனநல நிறுவனங்களில் நெடுங்காலம் தங்க நேர்ந்தவர்கள் நான்கைந்து பேராக, ஊருக்குள் சாதாரண வாடகை வீடுகளில், உதவியாளர் துணையுடன் வாழ்கிறார்கள். வீடு எங்கே அமைகிறது என்பதும் முக்கியம். பிழைப்புக்கும் மருத்துவமனைக்கும் எட்டாத தொலைவில் கட்டிய குடியிருப்பு பாதி வீடுதான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 19ஆம் பிரிவு, குடும்பமோ வீடோ இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் எவரையும் மனநல நிறுவனத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்கிறது. உரிமை சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. அதை நடைமுறையாக்க வாடகை மானியமும் வீட்டுக்கு வந்து துணைநிற்கும் பணியாளரும் வேண்டும். இவ்விரண்டுக்கும் நிதி ஒதுக்குவது அரசின் கடமை.