வெங்காயம்: நடவுக் காலமும் பயிர் இடைவெளியும்

வெங்காயக் காய் என்பது பருத்த இலையடிகளின் அடுக்கு. காய் திரளத் தொடங்குமுன் பயிர் எத்தனை தாள் விட்டிருக்கிறதோ, அதையொட்டியே காயின் பருமன் அமையும். திரட்சியைத் தூண்டுவது பயிரின் வயதைவிடப் பகலின் நீளமும் வெப்பமுமே. நடவுத் தேதி இவ்வளவு முக்கியமாவது இதனால்தான். இந்தியாவில் பெரிதும் பயிராகும் குறும்பகல் வகைகளுக்கு 11–12 மணி நேரப் பகல் போதும். வட ஐரோப்பாவின் நெடும்பகல் வகைகள் 14–16 மணி நேரம் கேட்பவை. தென்னிந்தியாவில் நட்டால் அவை தாளாகவே நின்றுவிடும்.

மகாராட்டிரத்தின் நாசிக் பகுதியில் ராபிப் பயிருக்கு அக்டோபர்–நவம்பரில் நாற்றுவிட்டு, டிசம்பர்–ஜனவரியில் நட்டு, ஏப்ரல்–மே மாதங்களில் அறுவடை செய்கின்றனர். நடவு பிப்ரவரிக்குத் தள்ளிப்போனால், நாலைந்து தாள் விடுவதற்குள் பகல் நீண்டு வெயிலும் ஏறிவிடும்; காய் பொடியாகவே முற்றும். முந்தி நடுவதிலும் ஆபத்து உண்டு. தண்டு தடித்த பயிர் தொடர்ந்து குளிரில் நின்றால் பூத்தண்டு விடும். அத்தகைய காயின் நடுவே கட்டை ஓடுவதால் சேமிப்புப் பட்டறையில் தாங்காது. இளநாற்றை அதே குளிர் அவ்வாறு பாதிப்பதில்லை.

இடைவெளியின் கணக்கு வேறு. பெரிய வெங்காயத்துக்கு வழக்கமான 15 × 10 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்குச் சுமார் 66 பயிர் நிற்கும். நெருக்கினால் ஓர் எல்லைவரை மொத்த எடை கூடும், தனிக்காய் சிறுக்கும். தாள்கள் ஒன்றையொன்று நிழலிடுவதால் திரட்சி முந்தி, அறுவடையும் சற்று முன்னதாக வரும். அகல நட்டால் காய் பெருக்கும்; ஆனால் கழுத்துத் தடிப்பும் இரட்டைக் காயும் மிகும். சந்தையில் காயின் அளவு பார்த்தே விலை வைப்பதால், அதிக எடை தரும் இடைவெளி அதிக வருமானம் தரும் என்று சொல்வதற்கில்லை.

தமிழ்நாட்டின் சின்ன வெங்காயம் இக்கணக்கில் முழுதாக அடங்காது. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் பட்டங்களில், 45 செ.மீ. பாரின் இருபுறமும் 10 செ.மீ.க்கு ஒன்றாக விதைக்காய் ஊன்றுவர். ஒரு காயே பல காயாகப் பிரிவதால், நெருக்கடி பயிர்களுக்கிடையே மட்டுமன்றி ஒரே குத்துக்குள்ளும் நிகழ்கிறது. பெரிய விதைக்காய் கூடுதலாகப் பிரியும். பயிர் 70–90 நாளில் அறுவடைக்கு வரும். ஐப்பசி அடைமழையில் சிக்கும் பயிரில் நெருக்கமான நடவு தாள்களை ஈரம் உலரவிடாமல் வைத்துத் திருகல் நோய்க்கு வழிவிடும். மழைக்காலப் பட்டத்தில் வடிகாலும் காற்றோட்டமும் எண்ணிக்கையைவிட முக்கியம்.