மருந்தடித்த நாளுக்கும் காய் பிடுங்கிய நாளுக்கும் இடையில்

திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம் சந்தைகளில் குவியும் கத்தரிக்காயில் புழுக்குத்து இருந்தால் வாங்குவோர் ஒதுக்கிவிடுகிறார்கள். பளபளப்பான காய்க்கே விலை. கடைசியாக எப்போது மருந்தடித்தார்கள் என்று கேட்பவர்கள் அரிது. ஆனால் காயில் எவ்வளவு நஞ்சு மிஞ்சியிருக்கும் என்பதைப் பெருமளவில் தீர்மானிப்பது அந்தக் கேள்விக்கான விடைதான்.

பீடைநாசினி விசிறிய பின் அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற வரையறை உண்டு. மருந்துக்கும் பயிருக்கும் ஏற்ப அது ஓரிரு நாளிலிருந்து இரண்டு வாரம், சிலவேளை அதற்கு மேலும் போகும். வெயிலும் காற்றும் செடியின் வளர்ச்சியும் நஞ்சைக் குறைக்க அந்த நாட்கள் தேவை.

கத்தரித் தோட்டத்தின் சிக்கல்

கத்தரியைத் தாக்கும் துளைப்பான் புழு, முட்டையிலிருந்து வெளிவந்ததும் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். அதன்பின் மேலே விசிறும் மருந்து அதை எளிதில் எட்டாது. எனவே திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். காயையோ சில நாட்களுக்கு ஒருமுறை பிடுங்கியாக வேண்டும். பயிற்றங்காயும் பச்சை மிளகாயும் அப்படித்தான். காத்திருக்க வேண்டியது ஏழு நாள், பிடுங்குவது நான்கு நாளுக்கு ஒருமுறை என்றால், விதிப்படி நடக்கும் விவசாயி ஒரு பிடுங்கலை இழக்கிறார். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, காணி விடுவிக்கப்பட்ட பின் கடன்பட்டுத் தோட்டம் தொடங்கிய குடும்பத்துக்கு அது சிறிய இழப்பல்ல.

உடலுக்கு என்ன நடக்கும்?

ஓகனோபொசுபேற்று, காபமேற்று வகை மருந்துகள் நரம்புகளின் செயற்பாட்டுக்குத் தேவையான நொதியம் ஒன்றைத் தடுக்கின்றன. அளவு கூடினால் வியர்வை, வாந்தி, மூச்சுத்திணறல் வரும். இந்த ஆபத்து முதலில் தெளிப்பவருக்கே. உண்பவருக்குரிய கவலை, சிறிய அளவுகள் நீண்டகாலம் உடலில் சேர்வது. உடல் நிறையோடு ஒப்பிட்டால் சிறுவர் பெரியவர்களைவிடக் கூடுதலாக உண்கிறார்கள். அவர்களின் மூளையும் வளர்ந்துகொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் மலதியோன், டயசினோன் ஆகியவற்றை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என வகைப்படுத்தியது. குளோர்பைரிபொஸ் மருந்துக்கான அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் நீடிக்கவில்லை. இலங்கை மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியவற்றை 1995இலும் எண்டோசல்பானை 1998இலும் தடைசெய்தது.

இதற்காக மரக்கறியைக் கைவிடக் கூடாது. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் மரக்கறியும் உண்ணுமாறு உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைக் குறைப்பதால் வரும் தீங்கு நிச்சயமானது.

சமையலறையில் முடிந்தது

ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். சவர்க்காரம் வேண்டாம். கோவாவின் வெளி இலைகளை நீக்குங்கள். தோல் சீவக்கூடியதைச் சீவுங்கள். 2017இல் மசசூசெற்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்பிளில் செய்த சோதனையில், அப்பச்சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது மேற்பரப்பிலிருந்த இரு மருந்துகளின் பெரும்பகுதி நீங்கியது. ஆனால் தோலினூடாக உள்ளே சென்ற நஞ்சை அது முழுமையாக அகற்றவில்லை. செடியே உறிஞ்சிக்கொள்ளும் மருந்துகளைக் கழுவிப் போக்க முடியாது. புழுக்குத்து இருப்பதால் மருந்தடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாததை ஆய்வுகூடமே காட்டும்.

தோட்டத்தில் செய்ய வேண்டியது

புழு தாக்கிய குருத்தையும் காயையும் வெட்டி அழித்தல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல், காத்திருப்பு நாள் குறைந்த மருந்தைத் தெரிதல் ஆகியவற்றால் விசிறும் தடவைகளைக் குறைக்கலாம். விவசாயப் போதனாசிரியரிடம் இதற்கு ஆலோசனை பெறலாம். விவசாயத் திணைக்களம் வழங்கும் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழும் காத்திருப்பு நாளைக் கடைப்பிடிப்பதை வலியுறுத்துகிறது.

ஆனால் காத்திருந்து பிடுங்கிய காய்க்கும் மறுநாளே பிடுங்கிய காய்க்கும் சந்தையில் ஒரே விலை கிடைக்கும்வரை, நேர்மையான விவசாயியே நட்டப்படுவார். தெரிந்த தோட்டக்காரரிடம் மருந்தடித்த நாளைக் கேட்டு வாங்குவதும், காத்திருந்தவருக்குச் சில ரூபாய் கூடக் கொடுப்பதும் நம் கையில் இருக்கின்றன. பிடுங்கிய காய்களைச் சந்தைகளில் ஒழுங்காகப் பரிசோதித்து முடிவுகளை மக்களுக்கு அறிவிப்பது அரசின் கையில் இருக்கிறது.