செங்கல்பட்டு சொன்ன விடை: பி.சி.ஜி. ஆய்வும் அதற்கு முந்தைய சென்னை வாதமும்

காசநோய்த் தடுப்பூசியின் வரலாற்றை எந்த மொழியில் எழுதினாலும் செங்கல்பட்டைத் தவிர்க்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகிய மூன்றும் சேர்ந்து 1968இல் இங்கே தொடங்கிய ஆய்வு, அதுவரை உலகம் கண்ட பி.சி.ஜி. ஆய்வுகளில் மிகப் பெரியது. 3,66,625 பேர் கொண்ட மக்கள்தொகையில் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தே இல்லாத ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

ஊர்ப்பெயரில் ஒரு திருத்தம் தேவை. செங்கல்பட்டு என்றதும் இன்றைய வாசகர் மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், கல்பாக்கம் என்று தெற்கே, கடலோரமாக நினைப்பார். ஆய்வு நடந்தது அன்றைய மாவட்டத்தின் வடபகுதியில், திருவள்ளூரைச் சுற்றிய ஊராட்சிகளில். 1997இல் மாவட்டம் பிரிந்தபோது அவ்வூர்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போயின. 2019இல் மீண்டும் உருவான செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் அவை இல்லை. கையை நீட்டிய ஊர்கள் ஒரு பக்கம், உலக ஏடுகளில் நிலைத்த பெயர் மறுபக்கம் என்றாகிவிட்டது.

இந்த ஆய்வுக்கு முன்கதை ஒன்று உண்டு. அதை விரிவாக எழுதியவர்கள் கிறிஸ்டியன் மெக்மில்லன், நீல்ஸ் பிரிம்னஸ் இருவரும். 2010இல் அவர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை, 1948 முதல் 1955 வரை இந்தியாவில் மக்களுக்குப் பெருமளவில் பி.சி.ஜி. போடும் இயக்கத்துக்கு எழுந்த எதிர்ப்பை ஆராய்கிறது. அந்த எதிர்ப்பின் மையம் சென்னை. ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளர் ஏ.வி. ராமன் தொடர்ந்து எழுதினார். 1955இல், முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய மறு ஆண்டு, ராஜாஜியே தாம் ஏன் எதிர்க்கிறேன் என்று சிறுநூல் வெளியிட்டார். எதிர்த்தவர்களை அறியாமைக்காரர்கள் என்று ஒதுக்கும் பழைய பழக்கத்திலிருந்து இக்கட்டுரை விலகி நிற்கிறது. அந்த வகையில் அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

என் மறுப்பு அது போட்டிருக்கும் சட்டகத்தைப் பற்றியது. தலைப்பிலேயே ‘மருத்துவ நவீனமாக்கம்’, ‘மருத்துவ தேசியம்’ என இரண்டு துருவங்கள் நிற்கின்றன. ஊசியோடு வந்தவர்கள் முதல் துருவத்திலும் சென்னையில் எதிர்த்தவர்கள் இரண்டாவதிலும் போய் அமர்கிறார்கள். அப்படி அமர்த்திய பிறகு, எதிர்ப்பாளர்கள் எழுப்பிய சான்று பற்றிய கேள்வி தேசிய உணர்வின் கிளையாகச் சுருங்குகிறது. ராஜாஜி எதைக் கொண்டு வாதிட்டார் என்று பார்த்தால் இந்த வகைப்பாடு தடுமாறும். அவர் நம்பியது மேலைநாட்டு மருத்துவர்களின் ஐயங்களை. அமெரிக்கா தன் மக்களுக்குப் பெருமளவில் போடாத ஊசியை இங்கே லட்சக்கணக்கான குழந்தைகளுக்குப் போடலாமா என்று கேட்பவர், அமெரிக்க மருத்துவத்தை மறுக்கவில்லை, அதன் எச்சரிக்கையை நமக்கும் பொருந்தவையுங்கள் என்கிறார். ஒரே அளவுகோலைக் கேட்பதைத் தேசியம் என்று பெயரிட எனக்கு மனம் ஒப்பவில்லை. உலகப் பொது அறம் என்று இன்று பேசப்படுவதற்கு அது மிக நெருக்கமானது.

இன்னொன்று, கட்டுரை 1955இல் நின்றுவிடுகிறது. அந்த எல்லைக்குள் பார்த்தால் கதை முடிந்துபோன கதைதான்: சிலர் எதிர்த்தார்கள், அம்ரித் கௌரின் சுகாதார அமைச்சகம் பதில் சொன்னது, இயக்கம் தொடர்ந்தது. எல்லையை 1979 வரை நகர்த்துங்கள். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1956இல் தன் ஆய்வின் முதல் முடிவாகச் சுமார் 80 விழுக்காடு பாதுகாப்பு என்றது. அமெரிக்க ஆய்வுகளில், 1966இல் வெளியான ஜார்ஜியா, அலபாமா முடிவு 14 விழுக்காடு, போர்ட்டோ ரிக்கோவில் 31. ஒரே பெயருள்ள ஊசி, மூன்று நிலம், மூன்று விடை. இங்கே வேலை செய்கிறதா என்று இங்கே பார்த்துத்தான் சொல்ல முடியும் என்ற நிலைக்கு அறிவியல் உலகம் தானாகவே வந்து சேர்ந்தது. 1955இல் ‘எதிர்ப்பு’ எனப்பட்டது 1968இல் ஆய்வுத்திட்டமாயிற்று.

இந்த இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டா? சென்னை வாதம் ஆய்வு வடிவமைப்பாளர்களின் மனத்தில் இருந்தது என்று காட்டும் ஆவணம் எதையும் நான் மேற்கோள் காட்டப்போவதில்லை. இடத்தேர்வுக்குத் தொழில்சார்ந்த காரணங்களே போதும்: காசநோய் மிகுதி, தொழுநோய் மிகுதி, மண்ணிலும் நீரிலும் வாழும் பிற மைக்கோபாக்டீரியாக்களால் தோலில் தோன்றும் எதிர்வினை. அருகிலேயே, 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியிருந்தது. என்றாலும் இயக்கத்தைப் பற்றி நாட்டிலேயே மிக உரத்து வாதம் நடந்த நகரின் வாசலில், அதே கேள்விக்கு விடை தேடப்பட்டது தற்செயல் என்று கொள்வது எனக்குக் கடினமாயிருக்கிறது. வாதம் எந்த ஆண்டில் ஆய்வின் கேள்வியாக உருமாறியது என்பதைத் திட்டவட்டமாகச் சொல்ல மாட்டேன். 1956க்கும் 1966க்கும் இடையில் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எதிர்ப்பாளர்களுக்கு இதனால் முழு வெற்றி கிடைத்துவிடவில்லை. உயிருள்ள கிருமியை நல்ல உடலுக்குள் செலுத்துவதால் பெருங்கேடு விளையும் என்ற அச்சம், 1930இல் ஜெர்மனியின் லூபெக்கில் 72 குழந்தைகள் இறந்த நினைவு மறையாத காலத்தின் அச்சம். லூபெக்கில் தடுப்புமருந்தோடு வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டிருந்தது. பி.சி.ஜி. அப்படிப்பட்ட கேட்டை இங்கே செய்யவில்லை. அவர்கள் சரியாகக் கேட்டது பயனைப் பற்றி, தவறாக அஞ்சியது தீங்கைப் பற்றி.

பயனைப் பற்றிய விடைக்கு வருவோம். ஏழரை ஆண்டுத் தொடர்கண்காணிப்புக்குப் பின் 1979இல் வந்த முதல் அறிக்கை, நுரையீரல் காசநோயிலிருந்து பி.சி.ஜி. பாதுகாப்புத் தரவில்லை என்றது. பதினைந்தாண்டு முடிவு 1999இல் வெளியானது. அதில் ஒரே ஒரு எண்ணின் முன் வாசகரை நிறுத்த விரும்புகிறேன்.

ஆய்வில் சேர்ந்தபோது நோய்த்தொற்று அறவே இல்லை என உறுதியானவர்கள் 1,09,873 பேர். முன்கையில் டியூபர்குலின் ஊசி போட்டு, சில நாள் கழித்து வந்து, அந்தத் தடிப்பை மில்லிமீட்டரில் அளந்து, 7க்கு மேல் போகாமல் மார்பு எக்ஸ்ரேயும் தெளிவாக இருந்தால்தான் இந்தக் கணக்கில் சேர்வார்கள். இவர்களில் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளுக்கு 27 விழுக்காடு. அதனருகில் அடைப்புக்குறிக்குள் நம்பக எல்லை: மைனஸ் 8 முதல் 50 வரை. உண்மையான பயன் பாதியளவு இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், ஊசி போட்டவர்களிடம் நோய் சற்றுக் கூடியிருக்கவும் வாய்ப்பை மறுக்க முடியாது என்பது இதன் பொருள். சுருக்கங்களிலும் உரைகளிலும் 27 மட்டும் பயணம் செய்கிறது, மைனஸ் 8 வழியில் உதிர்ந்துவிடுகிறது. பாடபேதத்தைப் பார்க்கும் கண்ணோடுதான் இதைப் பார்க்க வேண்டும். அடைப்புக்குறி விழுந்த பாடம் ‘குறைந்த பயன்’ என்கிறது, முழுப் பாடம் ‘சொல்ல முடியாது’ என்கிறது. இரண்டு பாடங்களிலிருந்தும் இரண்டு வேறு கொள்கைகள் பிறக்கும்.

குழந்தைகளுக்கு பி.சி.ஜி. தொடர்ந்ததை நான் குறை சொல்லவில்லை. மூளைச்சவ்வுக் காசநோய் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து அது பச்சிளங் குழந்தைகளைக் காக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகளின் சான்று உண்டு. அதை அளக்க வகுக்கப்பட்டதல்ல செங்கல்பட்டு ஆய்வு. 1980இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுக்கள் கூடித் தொடரலாம் என்றதும், 1978இல் தொடங்கிய இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் அது நீடித்ததும் புரிந்துகொள்ளத் தக்கவை. ஆனால் பெரியவர்களின் நுரையீரல் நோய்தான் தெருவிலும் வீட்டிலும் தொற்றைப் பரப்புகிறது. அதைத் தடுக்க வேறு ஊசி வேண்டும் என்ற செய்தி 1979இலேயே செங்கல்பட்டிலிருந்து போய்விட்டது. உலகம் அந்த வேலைக்குப் பணமும் அவசரமும் ஒதுக்கிய வேகத்தைப் பார்த்தால், பொறுப்பு எப்படிப் பங்கிடப்பட்டது என்பது தெரியும். ஐயத்தைச் சுமக்கும் பங்கு இந்த ஊராட்சிகளுக்கு வந்தது. விடையின் மேல் செயல்படும் பங்கை யாரும் தம்முடையது என்று ஏற்கவில்லை.

மருந்தற்ற ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். நாடெங்கும் அரசு பி.சி.ஜி. போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவர்களுக்கு அது தரப்படவில்லை. ஊசி பயன்தரவில்லை என்று பிறகு தெரிந்ததால் அவர்கள் எதையும் இழக்கவில்லை என்பார்கள். அந்தச் சமாதானம் செல்லாது, முடிவு தெரிந்த பின் கிடைத்த ஆறுதல் முடிவெடுத்த நாளின் அறத்தைத் தீர்மானிக்காது. பயன் உண்டா என்று உண்மையிலேயே தெரியாத நிலையில் ஆய்வு நியாயமானது என்பது வலுவான வாதம், நான் அதை ஏற்கிறேன். அந்தத் தெரியாமை ஊசி போட்டுக்கொண்டவரோடும் பகிரப்பட வேண்டும் என்பதே அதனோடு ஒட்டிய நிபந்தனை. மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளுக்கான நெறிமுறை அறிக்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்டது 1980இல், அதாவது செங்கல்பட்டின் முதல் முடிவு வந்த பிறகு. பெற்றோரின் சம்மதம் பற்றி 1955இல் சென்னையில் எழுந்த குரலுக்கு நிறுவன வடிவம் கிடைக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

இன்றைய செங்கல்பட்டு நகரை ஒட்டிய திருமணியில், தொழுநோய்க்கான மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் அதே ஊரில், ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் ஒன்று மத்திய அரசு நிறுவனத்தால் கட்டப்பட்டது. 2012இல் ஒப்புதல் பெற்ற திட்டம், மதிப்பீடு 594 கோடி ரூபாய். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் தடுப்பூசிக்காக மக்கள் அலைந்தபோது அது உற்பத்தியின்றிக் கிடந்தது. முதலமைச்சர் நேரில் சென்று பார்த்து, மாநிலத்திடம் ஒப்படைக்குமாறு பிரதமருக்கு எழுதினார். அங்கே தயாரிக்கத் திட்டமிட்ட மருந்துகளின் பட்டியலில் பி.சி.ஜி.யும் இருக்கிறது.