புதுப்பாளையத்தில் கல்கி

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி எழுத்துலகுக்குப் புதியவராகத் திருச்செங்கோட்டுப் பக்கம் வரவில்லை. மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் 1899 செப்டம்பர் 9 அன்று பிறந்த அவர், 1921இல் பள்ளிப் படிப்பை உதறிவிட்டு ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து ஓராண்டு சிறை சென்றார். பிறகு சென்னையில் திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் துணையாசிரியர் ஆனார். ‘சாரதையின் தந்திரம்’ என்ற அவருடைய முதல் சிறுகதைத் தொகுதி 1927இல் வெளிவந்தது.

நவசக்தியை விட்டபின் அவர் வந்து சேர்ந்த இடம் புதுப்பாளையம் காந்தி ஆசிரமம். அன்றைய சேலம் மாவட்டத்தில் திருச்செங்கோட்டை அடுத்த சிற்றூர் அது. ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர் கொடுத்த நிலத்தில் ராஜாஜி நிறுவிய இந்த ஆசிரமத்தை 1925 பிப்ரவரி 6 அன்று திறந்து வைத்தவர் ஈ.வெ.ராமசாமி. அதே ஆண்டின் இறுதியில் அவர் காங்கிரசை விட்டே வெளியேறினார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியவை ஆசிரமத்தின் பணிகள். சுற்றியிருந்தவை மழையை நம்பிய மேட்டாங்காட்டு ஊர்கள். வெள்ளாமை பொய்த்தால் பெண்கள் நூற்ற நூலுக்குக் கிடைக்கும் கூலிதான் வீட்டுக்கு ஆதாரம். அந்தக் காசு கள்ளுக்கடைக்குப் போய்விட்டால் ராட்டை சுற்றி என்ன பயன்? மதுவிலக்கும் கதரும் ஒரே வேலையாயின.

மதுவிலக்குப் பிரசாரத்துக்காகவே 1929இல் ‘விமோசனம்’ என்ற மாத இதழ் தொடங்கியது. ராஜாஜி ஆசிரியர், கல்கி துணையாசிரியர். கதை, கட்டுரை, படம் எல்லாமே குடிக்கு எதிரானவை. ஒரே பொருளை மாதாமாதம் சலிக்காமல் எழுதுவது எளிதன்று. கொஞ்சம் பிசகினாலும் கதை உபதேசமாகிவிடும். பள்ளிக்கூட வாசனை அதிகமில்லாதவருக்கும் புரிய வேண்டும், சிரிப்பும் வர வேண்டும், சொல்ல வந்தது மனத்தில் தைக்கவும் வேண்டும். கல்கியின் பிற்கால நடைக்கு இதைவிடக் கடுமையான பட்டறை வாய்த்திருக்க முடியாது. ராஜாஜியும் குடியால் குலையும் குடும்பத்தைத் ‘திக்கற்ற பார்வதி’யில் எழுதினார், 1974இல் அது திரைப்படமாயிற்று.

‘விமோசனம்’ பத்து இதழ்களோடு நின்றது. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. கல்கி மீண்டும் சிறை சென்றார். 1931இல் எஸ்.எஸ். வாசனின் ‘ஆனந்த விகடன்’ ஆசிரியப் பொறுப்பு, 1941இல் நண்பர் டி. சதாசிவத்துடன் சொந்தப் பத்திரிகை ‘கல்கி’, 1954 டிசம்பர் 5 அன்று மறைவு. ராஜாஜியோடு புதுப்பாளையத்தில் இறுகிய நட்பு கடைசிவரை நீடித்தது. ‘விமோசனம்’ வலியுறுத்திய மதுவிலக்கும் வீணாகவில்லை: ராஜாஜி முதலமைச்சரானதும், 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது.

வடிவ நுணுக்கத்தைப் பெரிதாக மதித்த ‘மணிக்கொடி’ இதழைச் சார்ந்த எழுத்தாளர்கள் கல்கியின் சிறுகதைகளைக் கொண்டாடவில்லை. அவர்கள் பார்வையில் நியாயம் உண்டு. கல்கியின் கதைகளில் தற்செயல்கள் அதிகம், ஆசிரியரின் குரல் அடிக்கடி குறுக்கிடும். ஆனால் கைம்பெண்ணின் தலையை மழிக்கும் வழக்கத்தைச் சாடும் ‘கேதாரியின் தாயார்’ போன்ற கதையை, அந்த வழக்கம் நடந்த வீடுகளுக்குள்ளேயே வாசிக்க வைத்தவர் அவர். ‘வீணை பவானி’, ‘திருவழுந்தூர் சிவக்கொழுந்து’ இரண்டிலும் இசைக் கலைஞர்களின் வாழ்வைப் பரிவோடு சொன்னார். ‘பொன்னியின் செல்வ’னோடு கல்கியை முடித்துக்கொள்ளும் வாசகர்கள் இந்தச் சிறுகதைகளையும் தேடிப் படிக்க வேண்டும்.