கரிக்கும் நீரும் கரியும்

இலங்கையின் ஹட்டன் பாடசாலைகளில் கார்பனைக் ‘காபன்’ என்றே படிக்கிறார்கள். கரி என்றால் தோட்டத்து லய வீட்டு அடுப்பில் எஞ்சுவது. ஆனால் காபனுக்கு மூலமான ‘கார்போ’ என்ற இலத்தீன் சொல்லின் பொருளும் அடுப்புக்கரிதான்!

தமிழ்க் கரிக்குக் கருமை, கருகல், கரிசல் என உறவு பெரிது. உப்புக் கூடினால் நாக்கில் ‘கரிக்கும்’.

இலங்கைச் சிரட்டைக்கரி நுண்துளைக் கரியாகி ஏற்றுமதியாகிறது. உவர்நீரிலிருந்து உப்பை அகற்ற அத்தகைய கரியில் இரு மின்வாய்கள் செய்யலாம். சுமார் 1.2 வோல்ட் கொடுத்தால் சோடியம் அயன்கள் ஒன்றின் துளைகளிலும், குளோரைட்டு மற்றதிலும் ஒட்டும். கரிப்பைக் கரியே எடுக்கிறது. அதனால் ‘காபன் மின்வாய்’ என்பதைவிடக் ‘கரி மின்வாய்’ பொருந்தும். மின்னழுத்தத்தை நீக்கினால் உப்பு கழன்று கழிவுநீரோடு போய்விடும். அதே கரி மறுபடி உதவும்.